நிழலும் நிலமும்: அடையாற்றங்கரையில் நம் மக்கள்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த குடியிருப்புகளைப் பற்றிப் பேசுவோர், அவற்றை நகரத்துக்குள்ளே ஒரு கிராமம் என்று புகழ்வது வழக்கம். வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சி மரமும் கவிந்த தெருக்கள், கடற்காற்று, காலையில் குயிலோசை, மாலையில் கோயில் மணியோசை என்று அப்புகழ்ச்சி நீளும். அடையாறு, காந்தி நகர், கஸ்தூரிபா நகர், பெசன்ட் நகர், திருவான்மியூர், கோட்டூர் ஆகிய பகுதிகளுக்கு இப்புகழ்ச்சி பொருந்தாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மரமும் உண்மை, நிழலும் உண்மை.

ஆயினும் கிராமம் என்னும் சொல்லைக் கேட்கும்போது நம் சமுதாயத்தார் சற்றே நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்புச் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடுவோரைக் கடுமையாக மறுத்தார். குறுகிய நோக்கும் அறியாமையும் சாதிப்பற்றும் குடிகொண்ட இடமாகவே அவர் கிராமத்தைக் கண்டார். கிராமம் என்றால் ஒன்றன்று, இரண்டு: ஊர் ஒன்று, சேரி ஒன்று. அவ்வாறாயின், கிராமத்தைப் போல் இருக்கிறது என்று புகழப்படும் ஒரு புறநகரில் சேரி எங்கே இருந்தது? அதில் வாழ்ந்தோர் யார்? அவர்கள் இன்று எங்கே? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்ட வீடுகளின் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேதான் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரருடன் நடந்த போர்களும், அதன்பின் ஐதர் அலியின் குதிரைப்படை நகரின் எல்லைவரை வந்து சென்றதும் வெள்ளையரைக் கோட்டையை விட்டு நெடுந்தொலைவு போகவிடாமல் தடுத்தன. அச்சம் நீங்கியபின், அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து, கோட்டைக்கு மேற்கிலும் தெற்கிலும் பரந்த வெளிகளில் தோட்ட வீடுகள் பெருகின. பல ஏக்கர் நிலத்தின் நடுவே ஒரு மாளிகை, சுற்றிலும் மாவும் ஆலும், நெடிய வாசற்பாதை. இன்று சென்னையின் தெருக்களில் தோட்டம் என்று முடியும் பெயர்கள் பல அக்காலத்தின் எச்சங்களே.

ஒரு தோட்ட வீடு தானே தழைப்பதில்லை. கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் செடிக்கு ஊற்றுவோர், குதிரையைப் பேணுவோர், சமையல் செய்வோர், துணி துவைப்போர், குழந்தையை வளர்க்கும் ஆயாக்கள், கழிவைச் சுமப்போர் என்று ஒவ்வொரு மாளிகைக்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. இப்பணிகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நம் முன்னோர். மாட்டிறைச்சி சமைக்கவும், வெள்ளையர் உண்ட பாத்திரத்தைத் தொடவும் சாதி இந்துக்கள் பலர் மறுத்த காலத்தில், அவ்வேலை நம்மவரிடம் வந்தது. அதனால் கையில் காசும் காதில் ஆங்கிலமும் சிலருக்குக் கிடைத்தன. பரங்கிமலைப் படைவீட்டிலும் சென்னைப் படையிலும் பணிபுரிந்த குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறைக் கல்வியாளர் தோன்றினர். எம். சி. ராஜா அவர்கள் 1883இல் பரங்கிமலையில்தான் பிறந்தார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆனால் மாளிகைக்குப் பெயர் இருந்தது, தோட்டத்துக்குப் பெயர் இருந்தது. அவற்றைத் தாங்கி நின்ற சேரிக்கு அது சேரி என்பதைத் தவிர வேறு பெயரை எழுதி வைத்தவர் அரியர்.

மிராசும் மனைக்கட்டும்

அடையாற்றின் தென்கரை அந்நாளில் நகரத்தைச் சேர்ந்ததன்று. அது செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த நாட்டுப்புறம். நகராட்சி எல்லை ஆற்றைத் தாண்டித் தெற்கே விரிந்தது 1940களில்தான். ஆகவே நகரத்தின் சட்டத்தைவிடச் செங்கற்பட்டு நாட்டின் மிராசு வழக்கமே அங்கு வாழ்ந்த நம் மக்களின் வாழ்வை நிர்ணயித்தது.

மிராசு முறையில் ஊரின் விளைநிலம் மட்டுமன்றி, சேரிக் குடிசைகள் நின்ற மனைக்கட்டும் மிராசுதாரருக்கே உரியதெனக் கருதப்பட்டது. குடிசையின் கீற்றும் சுவரும் உழைப்பாளிக்குச் சொந்தம். அது நிற்கும் மண் பிறருக்குச் சொந்தம். கூலியை உயர்த்திக் கேட்டவனை வயலிலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் விரட்ட முடிந்தது. அடிமை முறை 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லாததாக்கப்பட்ட பின்னும் பண்ணையடிமை நிலை நீடித்ததற்கு இந்த மனைக்கட்டு ஒரு முக்கியமான காரணமாகும்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர், 1891இல் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். கல்வியின்மையையும் வறுமையையும் சொல்வதோடு நில்லாமல், வேர் நிலத்தில் இருக்கிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அதன் பயனாக 1892இல், நம் மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. குறிப்பிட்ட காலம்வரை அந்நிலத்தை விற்கலாகாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரல்லாத பிறருக்கு விற்கலாகாது என்பது அதன் நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் நின்றது. நிலம் பெரும்பாலும் கைமாறியது. அதனை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் அதே செங்கற்பட்டு மாவட்டத்தின் காரணையில் எழுந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். நூறாண்டு கடந்தும் கேள்வி ஒன்றே: நாம் நிற்கும் மண் யாருடையது?

ஊரூர்ப் பள்ளி

1882ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் ருசிய அம்மையாரான பிளாவட்ஸ்கியும் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை பம்பாயிலிருந்து அடையாற்றுக்கு மாற்றினர். ஆற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த 27 ஏக்கர் தோட்ட வீடே அவர்கள் வாங்கிய இடம். பின்னாளில் அது இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட சோலையாக விரிந்தது. அங்குள்ள ஆலமரத்தின் நிழலில் ஆயிரக்கணக்கானோர் கூடி உரை கேட்டனர். அதன் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது; விழுதுகள் இன்றும் நிற்கின்றன.

அச்சோலையை அடுத்திருந்த சேரிப் பிள்ளைகளுக்கென ஆல்காட் 1894இல் ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பின்னர் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. இந்தப் பெயர்களைச் சற்றே கூர்ந்து நோக்குவோமாக. இவையெல்லாம் தோட்ட வீடுகளுக்கும் அக்கிரகாரங்களுக்கும் பெயர் பெற்ற இடங்கள். அங்கே பஞ்சமர் பள்ளிகள் தேவைப்பட்டன என்பதே, சோலைகளின் ஓரமெங்கும் சேரிகள் இருந்தன என்பதற்குச் சான்றாகும். வரைபடம் சொல்லாததைப் பள்ளிகளின் பெயர்ப்பட்டியல் சொல்கிறது.

இப்பள்ளிகளை ஒரு வெள்ளைக்காரரின் கருணை என்று மட்டும் எழுதிவிடுவது நம் முன்னோருக்கு இழைக்கும் அநீதியாகும். நம்மவர் அப்போது வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, இழிவாக ஏவப்பட்ட பெயரையே கொடியாக உயர்த்தியிருந்தார். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கேட்போர் இருந்ததால் பள்ளி வந்தது. படிப்போர் இருந்ததால் பள்ளி நின்றது.

அதே சோலையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஆல்காட் 1907இல் மறைந்தபின் சபைக்குத் தலைமை ஏற்ற அன்னி பெசன்ட் அம்மையார், 1909இல் ஓர் ஆங்கில இதழில் எழுதிய கட்டுரையில், தூய்மையைக் காரணம் காட்டி, நம் பிள்ளைகளை உயர்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்துவதை ஏற்கவில்லை. காங்கிரசும் காந்தியாரும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று ஆராய்ந்து 1945இல் வெளியிட்ட நூலில், அண்ணல் அம்பேத்கர் அக்கட்டுரையை எடுத்துக்காட்டியுள்ளார். அனைவரும் உடன்பிறந்தோர் என்று ஆலமரத்தடியில் முழங்கிய இடத்திலிருந்தே, வகுப்பறையில் மட்டும் தனித்திருங்கள் என்ற குரலும் எழுந்தது. நமக்கு உதவியோரை நன்றியுடன் நினைப்போம். அவர்கள் எந்த வாயிலில் நின்றுவிட்டார்கள் என்பதையும் அறிந்து நினைப்போம்.

தெருவில் நடக்கும் உரிமை

நிழல் தரும் தெருவில் உலாவுவது இன்று ஓர் இன்பம். ஆனால் தெருவில் நடப்பதே ஓர் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியதாய் இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவிலும் சாலையிலும் எவ்வகுப்பாரும் நடக்கலாம். பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொது அலுவலகத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையாகவும் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன், 1922இல், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால், இழிவான பெயர்களை நீக்கி ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் வழங்கும் ஆணை பிறந்தது. முதலில் பெயர், அடுத்துத் தெரு. இந்த வரிசையில்தான் நம் உரிமைகள் வந்தன. 1945இல் நம் ந. சிவராஜ் அவர்கள் சென்னை மாநகரத் தந்தையாகப் பதவியேற்றார். எந்தத் தெருவில் நடக்கலாம் என்று இருபதாண்டுக்கு முன் வாதாட வேண்டியிருந்த சமுதாயத்தின் மகன், எல்லாத் தெருக்களுக்கும் தலைவரானார்.

தோட்ட நகரம் என்னும் கனவு

சோலை சூழ்ந்த புறநகர் என்னும் கருத்துக்கு உலக வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஆலைப் புகையிலும் நெரிசலிலும் தொழிலாளர் மடிவதைக் கண்ட எபினேசர் ஹோவர்ட், 1898இல் ஒரு நூல் எழுதினார். நகரின் வசதியும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஒருங்கே அமைந்த தோட்ட நகரங்களை அமைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1903இல் லெட்ச்வொர்த் நகரம் அதன்படி உருவாகத் தொடங்கியது. இத்திட்டத்தில் பலரும் மறந்துவிட்ட பகுதி ஒன்று உண்டு. நிலம் தனியார் பலருக்குத் துண்டு துண்டாய் விற்கப்படலாகாது. குடியிருப்போர் சமூகத்தின் பொதுவுடைமையாக அது இருக்க வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அவ்வுயர்வின் பயன் அனைவருக்கும் சேர வேண்டும். இதுவே ஹோவர்டின் அடிப்படை.

அக்காற்று சென்னைக்கும் வந்தது. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ் 1915இல் இங்கே தம் நகரமைப்புக் கண்காட்சியை நடத்தினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நாடு விடுதலை பெற்றதையொட்டிக் கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் வழியாக அடையாற்றில் காந்தி நகர் உருவாயிற்று. பின்னர் வீட்டுவசதி வாரியம் பெசன்ட் நகரை அமைத்தது. 1973இல் திரு.வி.க. பாலம் ஆற்றின்மீது எழுந்தபின், தென்கரை நகரத்தோடு முற்றிலும் இணைந்தது.

மரத்தைக் கொண்டுவந்தோம், பொதுவுடைமையை விட்டுவந்தோம் என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கவும் மனைக்குத் தவணை கட்டவும் நிலையான மாத வருவாய் வேண்டும். சொந்த மனைக்கட்டே இல்லாதிருந்த கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. எனவே வீட்டைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும், கட்டி முடித்தபின் ஆற்றங்கரைக்கும் கால்வாய்க் கரைக்கும் திரும்பினர்.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது வேறொன்றுண்டு. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. தோலைப் பதப்படுத்தும் அறிவு, தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. அத்தொழிலைக் காரணம் காட்டியே அவர்கள் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்டனர். அதே தோல், சோலை சூழ்ந்த ஆய்வுக்கூடத்துக்குள் சென்றவுடன் அறிவியலாயிற்று. அதனைத் தொடுவோர் அறிஞராயினர். தொழிலில் தீட்டு இருந்ததில்லை. தொட்ட கையின் சாதியில்தான் தீட்டு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆற்றங்கரையிலிருந்து நகர்க்கோடிக்கு

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது; 1971இல் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே தொடக்கக் காலத்தின் முதன்மையான வழியாய் இருந்தது. சென்னையின் பல பகுதிகளில் வசதியானோர் தெருக்களுக்கு அருகிலேயே ஏழைகளின் அடுக்குமாடிகள் நிற்பது அக்கொள்கையின் விளைவு. ஏழை தன் வேலையையும் பள்ளியையும் விட்டுப் பிரியாமல் சொந்தக் கூரை பெற்றான். சேரிக்கும் ஊருக்கும் இடையே இருந்த தொலைவு அங்கே குறைந்தது.

பின்னர் காற்று மாறிற்று. நிலத்தின் விலை ஏற ஏற, ஆற்றங்கரையில் ஏழை நிற்பது பலர் கண்ணை உறுத்தத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபின், ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்துக்குத் தப்ப அனுப்பிய இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. ஆற்றின் வெள்ளப் பாதையில் எழுந்த மாளிகைகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாற்றத்தை வரவேற்போம். இடமாற்றத்தின் நட்டத்தையும் கணக்கிடுவோம்.

அந்த நட்டம் என்ன? வீட்டு வேலை செய்யும் தாய் விடியுமுன் பேருந்தேறி, முன்பு நடந்தே சென்ற அதே அடையாற்று வீட்டுக்கு இன்று நெடுந்தூரம் வருகிறாள். கூலியில் ஒரு பகுதி பேருந்து நெரிசலிலும் நேரத்திலும் கரைகிறது. கல்வியாண்டின் நடுவில் இடம்பெயர்ந்த பிள்ளைகளில் சிலர் பள்ளிக்குத் திரும்புவதேயில்லை. 1891இல் மனைக்கட்டு நம்மைக் கட்டிப்போட்டது. இன்று மனைக்கட்டு நம்மைத் தூர எறிகிறது. இரண்டிலும் இடத்தைத் தீர்மானிப்போர் நாமல்லர்.

நம் இளைஞர்களுக்கு

இதனைப் படிக்கும் இளைஞர்களிற் பலர், பெற்றோரின் அரசுப் பணியாலோ தம் படிப்பாலோ, இன்று மரநிழல் நிறைந்த புறநகர்களில் வாழ்கிறீர்கள். அது நமக்குப் பெருமையே. இட ஒதுக்கீடும் கல்வியும் திறந்த வாயிலில் நுழைந்தவர் எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆயினும் வாடகை வீட்டு விளம்பரத்தில் சைவம் உண்போருக்கு மட்டும் என்ற வரி எதைக் குறிக்கிறது என்பதை நாம் அறிவோம். சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்ற நயமான வினாக்களுக்குப் பின்னே எந்த வினா ஒளிந்திருக்கிறது என்பதையும் அறிவோம். பெயரின் ஒரு பகுதியையும் சுவரில் மாட்ட வேண்டிய அண்ணலின் படத்தையும் மறைத்துவிட்டு ஒருவன் அந்நிழலில் வாழ்வானாயின், 1924இல் பெற்ற தெருவை அவன் வீட்டுக்குள்ளே இழந்தவனாவான்.

ஆகவே மூன்று பணிகளை நம் சங்கத்தின் இளைஞர்கள் மேற்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, தத்தம் குடும்பத்தின் பட்டா, பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றைப் பேணிக் காத்தல். பட்டயமும் செப்பேடும் நமக்கு இல்லை. இத்தாள்களே நம் கல்வெட்டுகள். இரண்டாவது, முதியோரிடம் அமர்ந்து, எந்தச் சேரி எந்தத் தெருவாயிற்று, எந்தக் கிணறு எந்தக் கட்டடத்துக்குக் கீழ்ப் போயிற்று என்று கேட்டு எழுதுதல். இன்று எழுதாவிடில், அடுத்த தலைமுறைக்கு மரங்களின் வரலாறு மட்டுமே கிடைக்கும். மூன்றாவது, மறுகுடியமர்வுப் பகுதிகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துதல். 1894இல் ஊரூரில் ஒரு பள்ளி எழுந்தபோது அதனை நடத்தப் பிறர் கை தேவைப்பட்டது. இன்று பட்டம் பெற்றோரும் ஆசிரியரும் பொறியாளரும் நம்மிடையே உள்ளனர். பிறர் கையை எதிர்நோக்க வேண்டிய தேவை இல்லை.

அடையாற்றின் முகத்துவாரத்துக்கு அருகில், பசுமைவழிச் சாலையில், அண்ணல் அம்பேத்கரின் மணிமண்டபம் நிற்கிறது. கிராமத்தின் குறுமையைக் கண்டித்தவருக்கு, கிராமத்தைப் போன்றதெனப் புகழப்படும் பகுதியின் ஓரத்தில் நினைவிடம் அமைந்தது பொருத்தமே. ஊரும் சேரியும் இல்லாத, நிழலும் நிலமும் யாவர்க்கும் பொதுவான ஒரு குடியிருப்பை இந்நாட்டில் எங்கேனும் ஓரிடத்தில் நாம் உண்டாக்கிக் காட்டுவோமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான காணிக்கை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி விளக்கேந்தி வந்துள்ள நம் சங்கம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதனையே தன் இலக்காகக் கொள்வதாக!